'ஓகே' என்பதும் ஒப்பந்தம்தான்!



நம் தொழிலில் முதல் எவ்வளவு முக்கியமோ, அதே அளவு வாய்ச்சொல்லும் முக்கியம். மண்டியில் "ஏத்திடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐம்பது மூட்டை லாரியில் ஏறுகிறது. முத்திரைத்தாள் கிடையாது, சாட்சி கிடையாது. சொன்னவர் சொன்னதற்கு நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் பல தலைமுறைகளாக வியாபாரம் நடந்து வருகிறது.

இந்தச் சம்மதச் சொல் தமிழில் இருக்கும்வரை நமக்குச் சிக்கல் இல்லை. அது ஆங்கிலத்துக்கு மாறும்போதுதான் தடுமாறுகிறோம். எந்த இடத்தில் "ஓகே" போதும், எந்த இடத்தில் "வி அக்செப்ட்" என்று எழுத வேண்டும், எந்த இடத்தில் இரண்டையும் சொல்லாமல் இருப்பது நல்லது என்பதைப் பற்றி வணிக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நாங்கள் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள். இலக்கணப் பாடம் நடத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கல்லாவில் உட்கார்ந்து கற்றதையும், சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறோம்.

தமிழில் நமக்குத் தெரியும்

தரகர் ஒரு விலை சொல்கிறார். நாம் "சரிங்க, போட்டுடுங்க" என்றால் வியாபாரம் முடிந்தது. "ஆகட்டும் பார்க்கலாம்" என்றால் முடியவில்லை. "சொல்லி அனுப்புறேன்" என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று பொருள். வெறும் "ம்" என்றால் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். கடைக்கு வந்து ஆறு மாதம் ஆன பையனுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

மரியாதையும் அப்படித்தான். "சரி" என்பதோடு ஒரு "ங்க" சேர்த்தால் போதும், வயதில் மூத்தவருக்கும் வாடிக்கையாளருக்கும் உரிய மரியாதை அதிலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த "ங்க" இல்லை. ஒட்டிக்கொள்ள ஓர் எழுத்து இல்லாததால், சொல்லையே மாற்றித்தான் மரியாதையைக் காட்ட வேண்டியிருக்கிறது. நண்பரிடம் "யா" என்பவர் வங்கி மேலாளரிடம் "யெஸ் சார்" என்கிறார். கடிதத்தில் எழுதும்போது அதுவே "வி அக்ரீ" ஆகிறது.

ஆங்கிலம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். துவரம் பருப்பு கலபுரகியிலிருந்தும் லாத்தூரிலிருந்தும் வருகிறது. வத்தல் குண்டூரிலிருந்து வருகிறது. சீரகம் குஜராத்தின் ஊஞ்சாவிலிருந்து வருகிறது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம்மில் பலருக்கு இந்தி தெரியாது. இரு தரப்பும் அரைகுறையாக அறிந்த ஆங்கிலமே நடுவில் நிற்கிறது. கம்பெனிகளின் கொட்டேஷன், வங்கிக் கடிதம், வரித் துறையின் இணையதளம் என்று பலவும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. முன்பு தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால், சம்மதம் தெரிவிக்கும் முன் பத்து முறை யோசித்தோம். அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நிறுத்தப்பட்டது. இன்று வாட்ஸ்அப்பில் சம்மதம் சொல்லக் காசும் இல்லை, நேரமும் ஆகாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கட்டைவிரலுக்கு விலை 82,200 டாலர்

கனடா நாட்டின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு, தானிய வியாபாரம் செய்யும் எவரும் அறிய வேண்டியது.

2021 மார்ச்சில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், ஆளி விதை வேண்டும் என்று விவசாயிகளுக்குச் செய்தி அனுப்பியது. ஒரு விவசாயியோடு போனில் பேசிய பிறகு, சுமார் 87 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைத் தயாரித்து, தன் கையெழுத்தைப் போட்டு, அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியது. புஷல் ஒன்றுக்கு 17 டாலர் விலை, நவம்பரில் சரக்கு தர வேண்டும். ஒப்பந்தத்தை உறுதி செய்யுங்கள் என்று கூடவே ஒரு வரியும் இருந்தது. அதற்கு விவசாயி அனுப்பிய பதில், மேல்நோக்கிய கட்டைவிரல் படம் ஒன்று மட்டுமே.

நவம்பர் வந்தது. சந்தை விலை புஷலுக்கு 41 டாலர் வரை ஏறிவிட்டது. சரக்கு வரவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. "செய்தி கிடைத்தது என்பதற்காகத்தான் அந்தப் படத்தை அனுப்பினேன், ஒப்பந்தத்தை ஏற்றதாக அல்ல" என்பது விவசாயியின் வாதம்.

நீதிபதி பழைய கணக்கைப் பார்த்தார். இதே இருவருக்கும் இடையே அதற்கு முன்பும் இப்படியே ஒப்பந்தங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அந்த விவசாயி "லுக்ஸ் குட்" என்றும் "ஓகே" என்றும் "யப்" என்றும் ஒரு சொல் பதில் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சரக்கைக் கொடுத்துப் பணமும் பெற்றிருக்கிறார். அன்று அந்தச் சின்னச் சொற்கள் சம்மதம் என்றால், இன்று இந்தக் கட்டைவிரலும் சம்மதமே என்று 2023 ஜூனில் தீர்ப்பாயிற்று. இழப்பீடு 82,200 கனடா டாலருக்குச் சற்று மேல். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை உறுதி செய்தது.

கனடாவின் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் அதன் பின்னுள்ள நியாயம் நமக்கும் பொருந்துவதே. சாதாரணப் பேச்சுச் சொல் என்பதாலேயே அதற்குக் கனம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து எப்படி நடந்து வந்தோமோ, அந்த வழக்கமே அதற்குப் பொருளைக் கொடுத்துவிடுகிறது.

நம் நாட்டுச் சட்டம்

நம் வியாபாரத்துக்கு அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 7-ஆவது பிரிவு, ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வழக்கமான, நியாயமான முறையில் அதைத் தெரிவித்தால் போதும். விலை சொன்னவர் 'இப்படித்தான் தெரிவிக்க வேண்டும்' என்று குறிப்பிட்டிருந்தால் அம்முறையைப் பின்பற்ற வேண்டும். ஆங்கிலம் உயர்ந்த நடையில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

போனில் சொல்வதும் கட்டும். 1959-இல் அகமதாபாத் வியாபாரி ஒருவர் மகாராஷ்டிரத்தின் காம்காவ் நகர வியாபாரியிடம் தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கேட்க, அவர் சம்மதம் சொன்னார். பிறகு தகராறு. வழக்கை எந்த ஊரில் போடுவது என்பதே உச்ச நீதிமன்றம்வரை போன கேள்வி. சம்மதச் சொல் காதில் விழுந்த ஊரில்தான் ஒப்பந்தம் உருவாகிறது, ஆகவே அகமதாபாத்தில் வழக்குப் போட்டது சரியே என்று 1965-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. கேட்டவர் ஊரில் வழக்கு என்றால் நாம் அங்கே அலைய வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மின்னஞ்சலும் கட்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தருவது பற்றி 2007 அக்டோபரில் டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையே மின்னஞ்சல்கள் போயின. ஐந்து கப்பல் சரக்குக்கான பேரத்தை உறுதி செய்வதாக ஒரு பதில் வந்தது. முறையான ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன்பே விவகாரம் முறிந்தது. விலை, அளவு, தவணை எல்லாம் மின்னஞ்சலிலேயே முடிவாகிவிட்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு ஆனது. தீர்ப்பு எழுதியவர், நம் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவரும் பின்னாளில் தலைமை நீதிபதியாக உயர்ந்தவருமான பி. சதாசிவம் அவர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவும், மின்னணு முறையில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது என்று சொல்கிறது.

எந்த இடத்தில் எந்தச் சொல்?

அப்படியானால் "ஓகே" என்பதற்கும் "வி அக்செப்ட்" என்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் கட்டும். ஆனால் "ஓகே" எதை ஏற்றது என்பதில் தகராறு வரும். முறையான வாசகத்தில் அந்தத் தகராறுக்கு இடம் குறைவு.

"ஓகே" என்ற சொல்லின் பிறப்பே வேடிக்கையானது. 1839 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில், 'எல்லாம் சரி' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் இரு சொற்களின் முதல் எழுத்துகளைப் போட்டார்கள். அந்தக் கேலிச் சொல்தான் உலகம் முழுவதும் பரவி நம் பலசரக்குக் கடைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

நண்பர்களிடமும், தினம் பார்க்கும் விற்பனைப் பிரதிநிதியிடமும், கடைப் பையன்களிடமும் "ஓகே", "ஷ்யூர்", "ஃபைன்", "நோ ப்ராப்ளம்", "டன்" எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். ("டன்" என்றால் எடை என்று நினைத்துவிடாதீர்கள், முடிந்தது என்று பொருள்.) நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி வரும், பத்துப் பெட்டி சோப்பு இறங்கும் என்பது போன்ற சின்ன விஷயங்களுக்கு இவை போதும். அங்கே போய் "வி ஹியர்பை அக்செப்ட்" என்று எழுதினால் கோபமாக இருக்கிறோமோ என்று எதிராளி பயந்துவிடுவார்.

புதிய வாடிக்கையாளர், வெளியூர் வியாபாரி, வயதில் மூத்தவர் ஆகியோரிடம் பேசும்போது ஒரு படி மேலே போக வேண்டும். "யெஸ் சார்", "செர்ட்டன்லி", "வித் பிளஷர்", "தட் இஸ் அக்செப்டபிள் டு அஸ்" என்பவை பொருத்தமானவை. "ஆஃப் கோர்ஸ்" என்பதைச் சற்றுக் கவனமாகப் பயன்படுத்துங்கள். உதவி கேட்பவரிடம் சொன்னால் அது அன்பாக இருக்கும். விவரம் கேட்பவரிடம் சொன்னால் 'இதுகூடத் தெரியாதா' என்பதுபோல் ஒலிக்கும்.

பெரிய தொகை, நீண்ட தவணை, முன்பணம், வங்கி, அரசு அலுவலகம் என்றால் எழுத்தில் முறையான வாசகமே வேண்டும். "வி அக்செப்ட்", "வி அக்ரீ", "வி கன்ஃபர்ம்" என்ற மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தினால் போதும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவரது கருத்தோடு உடன்படும்போது "அக்ரீ வித்". ஒரு திட்டத்துக்கோ நிபந்தனைக்கோ சம்மதிக்கும்போது "அக்ரீ டு". இருவரும் பேசி ஒரு விலைக்கு வந்தால் "அக்ரீ ஆன்". "ஐ ஆம் அக்ரீ" என்று நம்மில் பலர் சொல்வது தவறு, "ஐ அக்ரீ" என்பதே சரி.

சம்மதம் போலத் தோன்றும் சொற்கள்

எதிராளி அனுப்பும் பதிலைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். "நோட்டட்" என்றால் குறித்துக்கொண்டேன் என்பதுதான். நம் விலையை ஏற்றதாக ஆகாது. "ரிசீவ்டு" என்றால் கிடைத்தது. "வில் செக்" என்றால் பார்க்கிறேன். "அக்ரீட் இன் பிரின்சிபிள்" என்றால் கொள்கையளவில் சரி, கணக்கு இன்னும் முடியவில்லை. இவற்றை நம்பி மூட்டையை ஏற்றிவிடக் கூடாது.

"ஓகே, பட்" என்று வரும் பதிலை அதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் கிலோவுக்கு ஒரு விலை சொல்கிறீர்கள். "ஓகே, பட் தர்ட்டி டேஸ் கிரெடிட்" என்று பதில் வருகிறது. இது சம்மதம் ஆகாது. சட்டப்படி ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? ஆகவே இது அவர் நமக்குச் சொல்லும் எதிர்விலை. இனி சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியவர் நாம்தான். அதற்கு நாம் பதில் சொல்லாமல் சரக்கை அனுப்பினால், முப்பது நாள் தவணைக்கு நாம் இணங்கியதாக ஆகிவிடலாம்.

"ஆஸ் பெர் யுவர் டெர்ம்ஸ்" என்பது மரியாதையான சொல்லாகத் தோன்றும். ஆனால் அவர்களுடைய தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகள் அத்தனையையும் நாம் ஏற்றதாகிவிடும். வட்டி விகிதம், சேதாரம், வழக்கு எந்த ஊரில் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். குஜராத்தின் ஒரு ஜரிகை நூல் உற்பத்தியாளருக்கும் சேலத்து வியாபார நிறுவனம் ஒன்றுக்கும் நடந்த வழக்கில், எந்தத் தகராறும் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று ஆர்டர் தாளில் இருந்தது. அந்த வாசகத்தில் "ஒன்லி" என்பது போன்ற ஒரு சொல் இல்லாததால் சேலத்திலும் வழக்குப் போடலாம் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2013-இல் வேறொரு வழக்கில், அப்படி ஒரு சொல் இல்லாததாலேயே மற்ற ஊருக்கு உரிமை வந்துவிடாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சொல் இருக்கிறதா இல்லையா என்று பின்னால் வாதாடுவதைவிட, முன்னால் படித்துப் பார்ப்பதே மேல்.

ஆமாமா, இல்லையா?

தமிழில் "சரக்கு இன்னும் வரலியா?" என்று கேட்டால் "ஆமாங்க, வரலை" என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்காக 'ஆமாம்' போடுகிறோம். ஆங்கிலத்தில் இது தலைகீழ். "ஹாவ் யு நாட் ரிசீவ்டு த ஸ்டாக்?" என்று கேட்டால், வரவில்லை என்பதற்கு "நோ" என்றுதான் சொல்ல வேண்டும். "யெஸ்" என்று மட்டும் சொன்னால் வந்துவிட்டது என்று அவர் குறித்துக்கொள்வார். பிறகு வராத சரக்குக்குப் பில் தேதி ஓடத் தொடங்கும். ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் "நோ, வி ஹாவ் நாட் ரிசீவ்டு" என்று முழுவதும் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

இன்னொரு கண்ணி "டு யு மைண்ட்?" என்ற கேள்வி. "டு யு மைண்ட் இஃப் வி சென்ட் இட் நெக்ஸ்ட் வீக்?" என்றால், அடுத்த வாரம் அனுப்பினால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று பொருள். சம்மதம் என்றால் "நோ, நாட் அட் ஆல்" என்பதே பதில். மரியாதைக்காக "யெஸ், யெஸ்" என்றால் ஆட்சேபிக்கிறோம் என்று ஆகிவிடும்.

இங்கே மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் சம்மதத்தால் "யெஸ்" சொல்வதில்லை, வெட்கத்தால் சொல்கிறோம். எதிரே உள்ளவர் வேகமாக ஆங்கிலம் பேசுகிறார். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புரியவில்லை என்று சொன்னால் கௌரவக் குறைவு என்று தோன்றுகிறது. "யெஸ், யெஸ், ஓகே" என்று போனை வைக்கிறோம். பருப்பு விலை ஒரே வாரத்தில் ஏறி இறங்கும் காலத்தில், புரியாமல் சொன்ன ஒரு "யெஸ்" அந்த மாதத்து லாபத்தைக் கொண்டுபோய்விடும். "பிளீஸ் சென்ட் இட் இன் ரைட்டிங், ஐ வில் கன்ஃபர்ம் டுமாரோ" என்ற ஒரு வாசகத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எழுத்தில் அனுப்புங்கள், நாளை உறுதி சொல்கிறேன் என்று பொருள். இதைச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. பெரிய கம்பெனிகளின் மேலாளர்களே தினமும் சொல்லும் வாசகம்தான் இது.

சொல்லாமல் இருந்தால்?

நாம் வாயே திறக்கவில்லை என்றால் சம்மதம் ஆகுமா? 1862-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை விற்பனை வழக்கில், 'பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது' என்று ஒருவர் எழுதினார். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பானது. "பதில் இல்லை என்றால் ஓகே என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது நமக்கு எழுதினால், அதனால் மட்டும் நாம் கட்டுப்பட்டுவிட மாட்டோம். இருந்தாலும் "நாட் அக்செப்டபிள் டு அஸ்" என்று ஒரு வரி எழுதிப் போடுவது நல்லது.

ஆனால் மௌனம் சம்மதமாகும் இடங்களும் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வந்த சரக்கைப் பரிசோதிக்க நமக்கு நியாயமான வாய்ப்புத் தரப்பட வேண்டும். அதன்பின் நியாயமான காலத்துக்கு மேல் மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால், ஏற்றதாகவே கொள்ளப்படும். லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று "ரிசீவ்டு இன் குட் கண்டிஷன்" என்பதன் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். எடை பார்க்கவில்லை என்றால் "ரிசீவ்டு 50 பேக்ஸ், வெயிட் நாட் செக்டு" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். குறைவு இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

சிறு உற்பத்தியாளர்களிடம் அப்பளமோ மசாலாவோ வாங்குபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவராக இருந்தால், சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றதாக 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. பணம் தர வேண்டிய கெடு அந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். ஜி.எஸ்.டி. தளத்திலும் 2024 அக்டோபர் முதல் நமக்கு வரும் பில்களை ஏற்கவோ, நிராகரிக்கவோ, நிலுவையில் வைக்கவோ வசதி வந்திருக்கிறது. எதையும் அழுத்தாமல் விட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கணக்கர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் மாதம் ஒருமுறை நாமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வரித் துறையிலிருந்தோ வேறு துறையிலிருந்தோ நோட்டீஸ் வந்தால், மரியாதைக்காகக்கூட "வி அக்ரீ" என்று எழுதிவிடாதீர்கள். குற்றச்சாட்டையே ஒப்புக்கொண்டதாக அதைப் படிப்பார்கள். "வி அக்னாலெட்ஜ் ரிசீப்ட் ஆஃப் யுவர் நோட்டீஸ்" என்றால் நோட்டீஸ் கிடைத்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். மரியாதையும் குறையாது, உரிமையும் போகாது. விளக்கத்தை ஆடிட்டரைக் கலந்துகொண்டு கெடுவுக்குள் கொடுக்கலாம்.

நடைமுறைக்கு

எங்கள் மண்டியில் நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் எளிது. சிறிய தொகைக்கு "ஓகே" போதும். ஒரு தொகையை வரம்பாக வைத்திருக்கிறோம். அதற்கு மேற்பட்ட எந்த வியாபாரத்துக்கும் வெறும் "ஓகே", வெறும் கட்டைவிரல் அனுப்புவதில்லை. சரக்கு, ரகம், அளவு, விலை, லாரி வாடகை யாருடையது, பணம் எப்போது என்ற ஆறையும் சேர்த்தே சம்மதம் எழுதுகிறோம். "வி கன்ஃபர்ம் 100 பேக்ஸ் தூர் தால், 50 கேஜி ஈச்" என்று தொடங்கி, விலையைப் போட்டு, "ஃபிரெயிட் பெய்டு பை யு, பேமென்ட் 15 டேஸ்" என்று முடித்தால் இரண்டே வரி. இதில் இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை, எண்கள் பிசகக் கூடாது.

போனில் பேசி முடித்தால், வைத்த கையோடு "ஆஸ் டிஸ்கஸ்டு ஓவர் போன்" என்று தொடங்கி அதே விவரத்தைச் செய்தியாக அனுப்பிவிடுகிறோம். எதிராளி மறுக்கவேண்டுமானால் அன்றே மறுத்துவிடுவார். அந்தச் செய்திகளை அழிப்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் சட்டத்தின்கீழ், உரிய சான்றிதழோடு தந்தால் இத்தகைய மின்னணுப் பதிவுகள் நீதிமன்றத்தில் சாட்சியமாகும்.

கடையில் போனை எடுத்துப் பதில் சொல்பவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குக் கடைக்கு வருகிறார்கள். நம்மைவிட ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் நண்பர்களுக்கு அனுப்பும் அதே வேகத்தில் "யா, கூல்" என்று கம்பெனிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஆங்கிலத்தை அவர்களிடம் நாம் கற்றுக்கொள்வோம். ஒரு சொல்லின் பின்னால் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுப்போம்.

தமிழில் "சரிங்க" என்று சொல்லும் முன் சரக்கின் தரத்தையும், விலையையும், சந்தைப் போக்கையும் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. "ஓகே" என்று அழுத்தும் முன்பும் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். சொன்ன பின் அந்தச் சொல்லுக்கு நிற்போம். நம் சங்க உறுப்பினர்களின் வாய்ச்சொல்லுக்கு எந்த மொழியிலும் மதிப்புக் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.